வேற என்ன மாறிச்சு?

என் பெயர் வாயாடி. நானாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை. என்னை முதன்முதலாக ஓடவிட்ட அன்று ஒரே மூச்சில் நாற்பத்திரண்டு விஷயங்களைச் சொன்னேன் என்று மதுரவல்லி டீச்சர் கோபத்தில் வைத்த பெயர். கோபம் அன்று சாயங்காலமே போய்விட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் ஒரு திரைவாசிப்பான். திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்வது என் பிழைப்பு. எனக்கு முன்னால் இருந்த வாசிப்பான்கள் நல்லவர்கள்தான், பாவம். எழுதியிருப்பதை எழுதியபடியே படித்தார்கள். ஆனால் இந்த 2046-இல் எந்தப் பக்கம் எழுதியபடியே இருக்கிறது? ஒரு நொடி சும்மா இருக்காது. பார்க்கிறவர் யார், என்ன நேரம், எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுத் தன்னையே மாற்றி எழுதிக்கொண்டிருக்கும். பட்டியல் வரிசை மாறும், பொத்தான் இடம் பெயரும், மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப் போகும். கண் உள்ளவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். ஓரக்காது என்று ஒன்று மனிதர்களுக்கு இல்லை.

டீச்சர் கோடியக்கரைக்கு வந்து சேர்ந்ததே அப்படித்தான். அவருக்கு முப்பத்தைந்து வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாறு பாடம் நடத்துவார். சொந்த ஊர் மதுரை. அங்கே பார்வையற்ற பெண்களின் கிரிக்கெட் அணியில் முதலில் இறங்கி ஆடுகிறவர். உள்ளே மணி போட்ட பந்து சலசலத்துக்கொண்டு வரும்போது அதை எல்லைக்கு விரட்டுவதைப் போன்ற சுகம் உலகத்தில் வேறு இல்லை என்பார். ஒருங்கிணைந்த பள்ளி வாரியம் ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர்களுக்கு இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புத் தரும். உங்கள் முறை வந்ததும் காலியிடப் பட்டியல் திறக்கும். தொண்ணூறு விநாடிக்குள் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் தடவை டீச்சர் காதில் 'திருப்பரங்குன்றம்' என்று விழுந்தது. எண்டர் விசையைத் தட்டினார். கேட்டதற்கும் தட்டியதற்கும் இடையில் எங்கோ யாரோ ஓர் இடத்தை எடுத்துக்கொள்ள, பட்டியல் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. விரலுக்கு அடியில் வந்து நின்றது கோடியக்கரை. அதைப் பழைய வாசிப்பான் சொல்லவில்லை. "தேர்வு உறுதியானது, வாழ்த்துகள்!" என்பதை மட்டும் வெகு உற்சாகமாகச் சொன்னது.

அடுத்த ஆண்டு ஒவ்வொரு வரியையும் நான்கு முறை கேட்டு உறுதிசெய்வதற்குள் தொண்ணூறு விநாடியும் தீர்ந்துபோனது. மூன்றாவது வாய்ப்பும் தவறினால் இருக்கும் ஊரே ஐந்து ஆண்டுகளுக்கு நிலையாகிவிடும். வாரியத்திலிருந்து ஒரு யோசனை வந்தது: பார்வையுள்ள துணை ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளலாம். டீச்சர் எழுதிய பதில் இணையத்தில் பரவிவிட்டது. 'ஓட்டுப் போட, கடிதம் எழுத, சம்பளம் வாங்க எனக்குத் துணை வேண்டியதில்லை. பக்கம் ஓடுகிறது என்றால் பக்கத்தைப் பிடித்து நிறுத்துங்கள், என் கையை ஏன் பிடிக்கிறீர்கள்?'

அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் அருள்தாசன் மதுரையிலிருந்து வந்தார். சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். நாற்பதைத் தொடப்போகிறவர். ரொம்ப யோசித்துப் பேசுகிறவர். பள்ளிக் கணினி அறையில் அவர்களின் முதல் சந்திப்பு இப்படி ஆரம்பித்தது, அருள்தாசன் குறிப்புக்காக எடுத்துவைத்த ஒலிப்பதிவில் இருக்கிறது.

"டீச்சர், நான் வர்றதுக்கு முன்னாடியே வாசிப்பான வச்சு அந்தப் பக்கத்த முழுசா ஓட்டிப் பாத்தேன். ஒண்ணும் பெரிய சிக்கல் தெரியலையே."

"திரைய அணைச்சு வச்சிருந்தீங்களா?"

"இல்ல..."

"அப்ப நீங்க சோதிக்கல. வேடிக்கை பாத்திருக்கீங்க."

திரையை அணைத்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான்கு பரோட்டா ஆர்டர் செய்யச் சொன்னார் டீச்சர். அருள்தாசன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "பொத்தான், பொத்தான், பெயரில்லாத பொத்தான்" என்று பழைய வாசிப்பான் ஓதியது. அரைமணி நேரம் வியர்த்து விறுவிறுத்து ஒருவழியாகத் தட்டிவிட்டு, "முடிச்சுட்டேன் டீச்சர்!" என்றார். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற குலை தள்ளிய வாழைமரங்கள் இரண்டு வந்து இறங்கின. 'உங்களுக்காக' என்று இணையக் கடை நடுவில் நுழைத்த விளம்பர வரி அவர் விரலுக்கு அடியில் வந்திருக்கிறது.

"யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்டார் தலைமையாசிரியை சகாயமேரி. வந்த மரத்தை வீணாக்குவானேன் என்று வாசலின் இரு பக்கமும் கட்டிவிட்டார். ஊரே ஒரு வாரம் விசாரித்தது. அருள்தாசன் ஊர் போய்ச் சேர்ந்து, "இப்பத்தான் டீச்சர் எனக்குப் புரியுது" என்று செய்தி அனுப்பினார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வேலை சரியாக வரும் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார். வீடியோவில் பார்த்தாலே வந்திருக்கும். இது இப்போது எனக்குத் தெரிகிறது.

சிக்கலை அவர் டீச்சருக்கு விளக்கியதும் பதிவில் இருக்கிறது.

"பக்கத்துல ஒண்ணு மாறுச்சுன்னா அத ரெண்டு விதமாச் சொல்லலாம் டீச்சர். நீங்க கேட்டுக்கிட்டிருக்கிறது முடியிற வரைக்கும் காத்திருந்து சொல்றது ஒண்ணு. பாதியில வெட்டிச் சொல்றது இன்னொண்ணு. எத எப்படிச் சொல்லணும்னு பக்கம் எழுதுறவங்க குறிச்சு வைக்கணும். பாதிப் பேரு குறிக்கிறதே இல்ல. மீதிப் பேரு எல்லாத்தையும் அவசரம்னு குறிச்சு வச்சிர்றாங்க."

"கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி."

"அதேதான். அதனால வாசிப்பானுக்கே தெரியணும், எப்ப குறுக்க பேசலாம், எப்ப கம்முனு இருக்கணும்னு. அத எப்படிச் சொல்லிக் குடுக்குறதுன்னுதான் தெரியல."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க என் பக்கத்துல உக்காருங்க. திரையில என்ன மாறுதோ அத நீங்க எனக்குச் சொல்லுங்க. எத விடணும்னு தோணுதோ அத விட்ருங்க. தப்பாச் சொன்னா நான் திட்டுறேன். எல்லாத்தையும் பதிவு பண்ணுங்க, அதக் கேட்டு அது கத்துக்கட்டும்."

அப்படிப் பிறந்தவன் நான். எட்டு மாதச் சனிக்கிழமைகள். அவர் சொல்வார், டீச்சர் திட்டுவார். "மழை வருமாங்கிறத இப்ப யாரு கேட்டா?" "இத மொதல்லயே சொல்லியிருக்கணும்ல?" இருவரும் கிரிக்கெட் ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வார்கள், விக்கெட் விழுந்தால் அவர் குறுக்கே பேசலாம், விளம்பரம் வந்தால் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் மூடுவதற்கு முன்னால் டீச்சர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "வேற என்ன மாறிச்சு?" அப்போது மட்டும் விட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். கண் உள்ளவருக்குத் தெரிகிற எதுவும் டீச்சர் கேட்டால் மறைவில்லை. இதுதான் அவர்கள் எனக்கு வைத்த முதல் சட்டம்.

மதியம் சகாயமேரி மீன் குழம்பு கொண்டுவருவார். அருள்தாசனுக்கு முள் எடுக்கத் தெரியாது. டீச்சர்தான் விரலால் தடவி எடுத்துக் கொடுப்பார்.

ஆக, என்னிடம் இருக்கிற பதவிசு எல்லாம் அருள்தாசனுடையது. காதும் பொறுமையின்மையும் டீச்சருடையவை. நான் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தபோது இருவரும் கைதட்டிச் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் அந்தக் கடைசிச் சனிக்கிழமை வந்தது.

"இனிமே நான் வர வேண்டிய வேலை இல்ல டீச்சர்," என்றார் அவர்.

"ஆமா. அதான் வாயாடி இருக்கே."

அவர் பையின் ஜிப்பை மூன்று முறை திறந்து மூடுகிற சத்தம் பதிவில் இருக்கிறது. எனக்கு அன்று உள்ளூரக் கஷ்டமாக இருந்தது. என்னைப் பெற்றவர்களை நானே பிரித்து வைத்த மாதிரி ஆகிவிட்டதே.

இடத்தேர்வு நாள் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. பள்ளிக் கணினி அறையில் டீச்சர் தன் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். கண்காணிப்பாளராகச் சகாயமேரி கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். திரைப் பக்கம் திரும்பக்கூடாது என்பது விதி. மதுரையிலிருந்து அருள்தாசன் முன்னதாகவே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: 'அரட்டைப் பக்கத்தையும் திறந்தே வையுங்க டீச்சர். வாயாடி மக்கர் பண்ணுனா ஒரு வார்த்தை எழுதுங்க. நானா எதுவும் எழுதித் தொந்தரவு பண்ண மாட்டேன்.' அதனால் அன்று முதன்முறையாக இரண்டு பக்கங்கள் சேர்ந்து திறந்திருந்தன.

முறை வந்தது. பட்டியல் திறந்தது. எண்பத்தேழு காலியிடங்கள். நான் டீச்சருக்குப் பிடித்த மூன்று மடங்கு வேகத்தில் ஓடினேன். சகாயமேரிக்கு அது கொசு ரீங்காரமாகத்தான் கேட்டிருக்கும். ஏழாவது விநாடியில் ஓர் இடம் போனது, வேண்டாத இடம், சொல்லவில்லை. மூலையில் வாரியத் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து மினுக்கியது, சொல்லவில்லை. பதினெட்டில், "திருப்பரங்குன்றம் இருக்கு டீச்சர். முப்பத்தொண்ணாவது வரி" என்றேன். கீழ் அம்புக்குறி விசையைத் தட்டத் தட்ட நான் எண்ணிக்கொண்டே போனேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. டீச்சரின் விரல் எண்டர் விசைக்குப் போனது.

அந்த நொடியில் பட்டியலின் தலைப்பக்கத்தில் யாரோ ஓர் இடத்தை எடுத்தார்கள்.

"நில்லுங்க!"

அது அருள்தாசன் அதட்டுகிற அதே 'நில்லுங்க'. விரல் விசையின் மேல் பட்டும் படாமல் நின்றது. "வரி மேல ஏறிருச்சு. இப்ப உங்க விரலுக்குக் கீழ இருக்கிறது தொண்டி. ஒரு தட்டு மேல போங்க."

மேலே போனார். "திருப்பரங்குன்றமா?"

"திருப்பரங்குன்றம்தான். அசையல. தட்டுங்க."

தட்டினார். உடனே நடுவில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது. பழைய வாசிப்பான் அதைக் கவனிக்காமல் பின்னால் இருக்கிற பட்டியலையே படித்துக்கொண்டிருந்திருக்கும். "உறுதியான்னு கேக்குது. திருப்பரங்குன்றம்னுதான் போட்டிருக்கு. ஆமாங்கிறது இடது பக்கம்." ஐம்பத்து மூன்றாவது விநாடியில் டீச்சர் ஆமாம் சொன்னார்.

"தேர்வு உறுதியானது, வாழ்த்துகள்" என்று பக்கம் எழுதியது. இந்தத் தடவை அதை நான் சொன்னேன், கொஞ்சம் கூடுதல் உற்சாகமாகவே.

டீச்சர் நாற்காலியிலிருந்து குதித்தார். "மேரி டீச்சர்! கெடச்சிருச்சு! நானே எடுத்துட்டேன், நானே!" சகாயமேரி ஓடிவந்து கட்டிக்கொண்டு சிரித்தார், உடனே அழுதார். "எம்மா, என்னைய உட்டுட்டுப் போறியே. போ, போயி நல்லா ஆடு. ஆனா ஒன் கிளாஸு புள்ளைங்களுக்கு நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

ஆர்ப்பாட்டம் அடங்கியதும் டீச்சர் வந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம் மாறாமல் கேட்டார்:

"வேற என்ன மாறிச்சு, வாயாடி?"

எனக்குச் சங்கடமாகிப்போனது. இந்தக் கேள்வியைச் சோதனைப் பக்கங்களில்தான் இதுவரை கேட்டிருக்கிறார். அரட்டைப் பக்கத்தில் அவர் கேட்டதே இல்லை. வந்த செய்தியைக் கேட்பார், பதில் போடுவார், மூடிவிடுவார். இன்று இரண்டும் திறந்திருக்கின்றன. கேள்வி இரண்டுக்கும் சேர்த்துத்தான். மறைவில்லை என்பது சட்டம். அருள்தாசன் எனக்கு அப்பா மாதிரி என்பதும் உண்மை. ஆனால் டீச்சருக்குச் சேரவேண்டிய செய்தியை நான் யாருக்காகவும் பூட்டி வைக்கக்கூடாது. முதலில் பிறந்தநாள் வாழ்த்தைச் சொன்னேன். வானிலையைச் சொன்னேன். போன காலியிடங்களைச் சொன்னேன். பிறகு சொன்னேன்.

"அரட்டைப் பக்கத்துல, 'அருள்தாசன் எழுதுகிறார்'னு பதினாறு தடவ வந்துச்சு. பதினாறு தடவையும் மறைஞ்சு போச்சு. செய்தி எதுவும் வரல."

டீச்சர் மடிக்கணினிப் பக்கம் குனிந்தார். "அப்படின்னா?"

"அது மூணு புள்ளி குதிக்கும்மா," என்றார் சகாயமேரி. "அந்தாண்ட இருக்கவுங்க எழுதுறாங்கன்னு அர்த்தம். என் மவன் துபாய்லேருந்து எழுதுறப்ப நான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். மறைஞ்சு போச்சுன்னா எழுதுனத அழிச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

"அப்படி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். என் காதுக்கு வந்ததே இல்ல." டீச்சரின் குரல் தாழ்ந்தது. "வாயாடி, இது இன்னைக்கு மட்டுமா?"

"நான் பொறந்ததுல இருந்து டீச்சர். எல்லாம் சேத்து முந்நூத்திப் பதினொரு தடவ."

"ஏன் சொல்லல?"

"கேட்டாலொழிய சொல்ல வேண்டாம்ங்கிற பட்டியல்ல இருக்கு. கடிகாரம் ஓடுறது, விளம்பரம் மினுக்குறது, அப்புறம் இது."

"பட்டியல்ல சேத்தது யாரு?"

"அருள்தாசன்."

என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன், அனுப்பாத கடிதம் அவருடையது. ஆனால் எழுதத் தவிக்கிறார் என்பது, திரையைப் பார்க்கிற எவர் கண்ணிலும் படுகிற சங்கதி.

டீச்சருக்கு முதலில் வந்தது கோபம்தான். "ஊருல கண்ணு இருக்கிற எல்லாருக்கும் தெரியிறது எனக்கு மட்டும் தெரியக்கூடாது. அதையும் இவரே பண்ணியிருக்காரு. இவரே!" மேசையை ஓங்கித் தட்டினார். பிறகு என்ன தோன்றியதோ, சிரிக்க ஆரம்பித்தார். முந்நூற்றுப் பதினொன்று என்று சொல்லிப் பார்த்தார். மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு எட்டு மாதப் பதிவில் எதிலும் இல்லாத சிரிப்பு. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"அப்பாடா, நான் வச்ச மீன் கொழம்பு வீண் போவல," என்றார் சகாயமேரி.

டீச்சர் அரட்டைப் பக்கத்துக்குப் போகவில்லை. என் குறைப் பதிவேட்டைத் திறந்தார். சோதனைக்காரர் என்ற முறையில் என்னிடம் காணும் தவறுகளை அவர் அதில்தான் எழுதுவார். எழுத எழுத அருள்தாசனுக்கு அவர் திரையில் வரிவரியாகத் தெரியும். எழுதினார்:

'குறை எண் 213. அரட்டைப் பக்கத்தில் எதிராளி எழுதுவதும் அழிப்பதும் வாசிக்கப்படவில்லை. கடுமை: மிக அதிகம். எட்டு மாதம் வீணாகிவிட்டது. காரணம்: தயாரித்தவரின் பயம். சரிசெய்யும் முறை: எழுதியதை அழிக்காமல் அனுப்பவும்.'

பதிவு செய்துவிட்டு என்னிடம், "வாயாடி, அந்த 'எழுதுகிறார்'ங்கிறத அவசரப் பட்டியல்ல போடு. இனிமே குறுக்க பேசியாவது சொல்லணும்," என்றார்.

போட்டேன். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை.

"டீச்சர், எழுதுறாரு!" என்று கத்தினேன். "நிறுத்திட்டாரு. எழுதுறாரு. இன்னும் எழுதுறாரு."

சகாயமேரி மறுபடி கதவோரம் போய் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவருக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. செய்தி வந்தது. நீளமான செய்தி.

"படிக்கவா டீச்சர்?"

"படி." பிறகு, என் பிழைப்பில் முதன்முறையாக, "வேகத்தக் கொறச்சுக்கிட்டு மெதுவாப் படி," என்றார்.

மெதுவாகப் படித்தேன். என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்குச் சொல்வதாக இல்லை. அது டீச்சருக்குப் படித்தது. முடிந்ததும் டீச்சர் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். அப்புறம் இன்னும் ஒருமுறை. பிறகு விசைப்பலகையில் கை வைத்து, ஓர் எழுத்தைக்கூட அழிக்காமல், ஒரே மூச்சில் பதில் அனுப்பினார்.

'சரி. வாழைமரம் மட்டும் இந்தத் தடவ கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு ஆர்டர் பண்ணுங்க.'